தனக்கு மிஞ்சித்தான் தருமமா?

பழமொழிகளை ஆராயாது போற்றுவது தமிழரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். முன்னோர் மொழிந்தது என்னும் ஒரே காரணத்தால் ஒரு தொடர் அறமாகிவிடுகிறது. அறமாகிவிட்டபின் அதனை வினவுவோர் பண்பறியாதவர் ஆகிவிடுகின்றனர். அங்ஙனம் வினவுவாரின்றி வாழ்ந்துவரும் தொடர்களுள் ஒன்று, ‘தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்’ என்பது. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையின் இருமருங்கிலும் நன்கொடைப் புத்தகத்தைக் கையில் ஏந்தி நடந்தவர் எவரும் இதனைக் கேளாது திரும்பியிருக்க இயலாது. வணிகம் மந்தமான ஆண்டில், ‘இப்போது கை இறுக்கம், அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்பது விடை. வணிகம் செழித்த ஆண்டிலோ, ‘பக்கத்துக் கடையையும் எடுத்திருக்கிறோம், முதல் எல்லாம் அதில் முடங்கிக் கிடக்கிறது’ என்பது விடை. மந்த ஆண்டிலும் மிஞ்சவில்லை. செழித்த ஆண்டிலும் மிஞ்சவில்லை. அங்ஙனமாயின் மிஞ்சும் ஆண்டுதான் எது? எந்தப் பஞ்சாங்கத்திலும் அப்படியோர் ஆண்டு குறிக்கப்படவில்லை.

இது கடைக்காரர்களை மட்டும் சாடுவதற்குரிய செய்தி அன்று. மாத ஊதியக்காரரின் நிலையும் இதுவே. மூவறை வீட்டில் வாழும்போது நாலறை வீடு வந்தால் கொடுக்கலாம் என்று எண்ணுகிறார். நாலறை வீடு வந்ததும் பிள்ளையின் பல்கலைக்கழகப் படிப்பு முடியட்டும் என்கிறார். படிப்பு முடிந்ததும் திருமணம் வந்து நிற்கிறது. தேவை என்பது வருவாயின் நிழல். வருவாய் நீள நீள அதுவும் நீள்கிறது. மிச்சத்திலிருந்து கொடுப்பேன் என்பவர் தம் நிழலைத் தாண்டிக் குதிக்க முயல்பவரே ஆவர்.

இப்பழமொழிக்கு நேர்மாறான கொள்கையைச் சட்டமாகவே வகுத்துக்கொண்ட ஒரு சமூகம், இதே சிராங்கூன் சாலையின் அருகில் நூறாண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்துவருகிறது. வீரமாகாளியம்மன் கோயிலை ஒட்டிச் செல்லும் தெருவுக்குப் பெலிலியோஸ் சாலை என்று பெயர். தேக்காச் சந்தைக்குச் செல்லும் தமிழர் நாவில் நாள்தோறும் புழங்கும் அப்பெயர், அவ்வட்டாரத்தில் மாட்டு வணிகம் நடத்திய ஒரு யூதருடையது என்பதைச் சிலரே அறிவர். அங்கிருந்து தெற்கே நடந்தால் செலிகி சாலை, வில்க்கி சாலை, மிடில் ரோடு, வாட்டர்லூ தெரு ஆகியவை வரும். பாக்தாதிலிருந்து கல்கத்தா வழியாக வந்த யூதருள் வறியவர் நெருங்கி வாழ்ந்த இடம் இது. அவர்கள் இதனை ‘மஹல்லா’ என்றனர். 1878இல் திறக்கப்பட்ட மகேன் அபோத் என்னும் தொழுகைக்கூடம் வாட்டர்லூ தெருவில் இன்றும் நிற்கிறது. அதே தெருவில் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் சீனரின் குவான் இம் கோயிலும் அடுத்தடுத்து நிற்கின்றன. அங்குப் பூ வாங்கச் செல்லும் தமிழ் மாணவன் மூன்று மக்களின் அறங்களைக் கடந்து செல்கிறான். ஒன்றையேனும் நின்று கேட்பதில்லை.

யூதர் என்றதும் செல்வர் என்று எண்ணுவது ஒரு பேதைமை. அச்சமூகத்தில் மனாசே மேயர் போன்ற பெருஞ்செல்வர் இருந்தது உண்மையே. வாட்டர்லூ தெருத் தொழுகைக்கூடம் எழ முன்னின்றவர் அவர். 1905இல் ஆக்ஸ்லி ரைஸில் செசெத் எல் என்னும் மற்றொரு கூடத்தை எழுப்பியவர் அவர். ராஃபிள்ஸ் கல்லூரிக்கு ஒன்றரை இலட்சம் வெள்ளி வழங்கியவரும் அவர். அவர் பெயர் கட்டடங்களில் நிலைத்துவிட்டது. ஆனால் யூத அறநூலின் பெருமை மேயரைக் கொடுக்கச் செய்ததில் இல்லை. செல்வர் கொடுப்பதற்குத் தனிநூல் எதற்கு? மஹல்லாவில் ஒரே அறையில் குடும்பம் நடத்தியவனையும் ‘நீயும் கொடு’ என்று கட்டளையிட்டதே அதன் பெருமை.

எபிரேய மொழியில் ஈகைக்கு வழங்கும் சொல் ‘செதாக்கா’. நீதி என்னும் பொருள்படும் வேரிலிருந்து பிறந்தது அது. ஆகவே அம்மொழியில் கொடுத்தவன் இரங்கியவன் அல்லன், செலுத்தவேண்டியதைச் செலுத்தியவன். கடனைத் திருப்பிக் கொடுத்தவனுக்குப் பொன்னாடை போர்த்துவார் உண்டோ? தல்முது நூலின் விதி இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. பிறர் தருமத்தால் உண்டு வாழ்பவனும் தான் பெற்றதில் ஒரு சிறு பங்கைத் தருமம் செய்தல் வேண்டும் என்கிறது அது. வருவாய் சுருங்கக் கண்டவன் அச்சுருங்கிய வருவாயிலிருந்தே கொடுக்கத் தொடங்கவேண்டும், பெருகக் கண்டவனைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ என்பது அதன் போக்கு. அவ்விடத்தில் ஓர் உவமையும் வருகிறது. இரண்டு ஆடுகள் ஆற்றைக் கடக்கின்றன. மயிர் கத்தரிக்கப்பட்ட ஆடு கரையேறுகிறது, கத்தரிக்கப்படாத ஆடு நனைந்த மயிரின் பாரத்தால் இழுத்துச் செல்லப்படுகிறது. மந்த காலத்தில் ஒவ்வொரு வெள்ளியையும் இறுகப் பிடிப்பவர் தம்மைக் காத்துக்கொள்வதாகவே எண்ணுகின்றனர். இரண்டாவது ஆடும் அவ்வாறே எண்ணியிருக்கும்.

பழமொழியின் பக்கம் நின்று வாதாடுவோர் உடனே கேட்பர்: உள்ளதையெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டுத் தெருவில் நிற்பதா? குடும்பத்தைப் பட்டினி போடுவதா? நியாயமான வினா. அதற்கும் அந்நூல்கள் விடை வகுத்துள்ளன. வருவாயில் பத்தில் ஒன்று நடுத்தரமான கொடை. ஐந்தில் ஒன்று சிறந்த கொடை. அதற்குமேல் கொடுத்தல் ஆகாது, கொடுத்தவனே பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை வந்துவிடும் என்று தடுக்கவும் செய்தனர். தன் வீட்டு வறியவர் முதலில், பிறகு ஊரார், பிறகு அயலூரார் என்று வரிசையும் அமைத்தனர். தன் குடும்பம் முதலில் என்பதில் அவர்களுக்கும் பழமொழிக்கும் வேறுபாடு இல்லை. காத்திருத்தலில்தான் வேறுபாடு. பழமொழி தொகையைப் பார்க்கிறது. யூத நூல் விகிதத்தைப் பார்க்கிறது. நூறு வெள்ளி வந்தால் பத்து, பத்து வெள்ளி வந்தால் ஒன்று. வருவாய் குறைந்த மாதத்தில் கொடை தானாகக் குறைந்துகொள்ளும். நின்றுபோவதற்குக் காரணம் ஏதும் இல்லை.

இவ்விதிகளைத் திரட்டித் தெளிவுபடுத்திய மைமோனிடிஸ் 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மருத்துவர். செல்வச் செருக்கில் இருந்து எழுதியவர் அல்லர். அவருடைய தம்பி தாவீது மணிக்கற்கள் விற்ற வணிகர். அவர் இந்தியக் கடலில் கலம் கவிழ்ந்து மாண்டார். குடும்பத்தின் பொருளும், பிறர் நம்பிக் கொடுத்த பொருளும் அவரோடு மூழ்கின. மைமோனிடிஸ் ஏறத்தாழ ஓராண்டு நோயுற்றுக் கிடந்து, பின் மருத்துவத் தொழிலால் குடும்பத்தைத் தாங்கினார். கைப்பொருள் முழுவதும் ஒரே நாளில் கடலுக்குப் போகக்கூடும் என்பதைக் கண்ட அவர்தான், மிக வறியவனும் ஆண்டுக்கு ஒரு சிறு காசேனும் கொடாதிருத்தல் கூடாது என்று எழுதினார். அவருடைய மற்றொரு கருத்து தமிழாசிரியர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது. ஆயிரம் பொற்காசை ஒருவனுக்கு ஒரே முறையில் கொடுப்பதைவிட, ஒவ்வொரு காசாக ஆயிரம் முறை கொடுப்பதே மேல் என்கிறார். பெறுபவன் நலத்தைக் கருதி அன்று, கொடுப்பவனைக் கருதி. ஒருமுறை கொடுத்தவனின் மனம் ஒருமுறைதான் திறந்தது. ஆயிரம் முறை கொடுத்தவனுக்குக் கை தானாக நீளப் பழகிவிடுகிறது.

இக்கருத்தோடு தமிழ் வகுப்பறைக்குள் நுழைந்தால் அங்கே நடப்பது என்ன? கொடை பற்றிய பாடம் வந்ததும் கடையெழு வள்ளல்கள் அணிவகுத்து வருகின்றனர். பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான். பேகன் மயிலுக்குப் போர்வை அளித்தான். அதியமான் நெல்லிக்கனி கொடுத்தான். ஏழு பெயர்களையும் வரிசை பிறழாமல் எழுதும் மாணவனுக்கு முழு மதிப்பெண். இக்கதைகள் அழகானவை அல்ல என்று எவரும் கூறார். ஆயினும் இவற்றை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளை உள்ளத்தில் பதித்துக்கொள்வது யாது? கொடை என்பது மன்னர் செயல், ஒரு முறை நிகழ்வது, கண்டோர் வியப்பது, பாடப்படுவது. தேர் இல்லாதவன் கொடுக்கவேண்டியதில்லை! வளர்ந்தபின் அவன் தீபாவளிக்கு முன்வாரத்தில் ஒரு சமூக மன்றத்துக்குச் சென்று, ஆள் உயர மாதிரிக் காசோலையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறான். பாரியின் தேர் இன்று அட்டையால் செய்யப்படுகிறது.

குமணனை ஏன் ஒதுக்கினர்? எழுவருக்குப் பின் வந்த கொடையாளன் அவன். தம்பியிடம் நாட்டை இழந்து காட்டில் மறைந்து வாழ்ந்தவனைத் தேடிப் பெருந்தலைச் சாத்தனார் வந்தபோது, கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லை. தன் தலைக்குத் தம்பி விலை வைத்திருப்பதை எண்ணித் தன் வாளையே புலவரிடம் நீட்டினான் என்று புறநானூறு காட்டுகிறது. வீழ்ந்த காலத்துக் கொடை என்பதற்குத் தமிழில் இதனினும் சான்று வேண்டுமோ? எனினும் எழுவர் பட்டியலே மனப்பாடமாகிறது. குமணன் பெரும்பாலும் மேற்கோள் அளவில் நின்றுவிடுகிறான்.

திருக்குறளிலும் இதே கதைதான். ‘ஈகை’ அதிகாரத்துக்கு முன்னே ‘ஒப்புரவறிதல்’ என்னும் அதிகாரத்தை வள்ளுவர் வைத்திருப்பது தற்செயலாகாது. அங்கே அவர் கையாளும் உவமைகள் ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம் ஆகியவை. மூன்றும் நின்ற இடத்தில் நின்று நாள்தோறும் பயன் தருவன. திடீரெனப் பொழிந்து ஓயும் மழையை அவர் அங்கே உவமையாக்கவில்லை. கைம்மாறு வேண்டாமையைக் கூறும்போது மட்டுமே மாரியை நினைக்கிறார். அதே அதிகாரத்தில், செல்வம் சுருங்கிய காலத்திலும் கடமை அறிந்தோர் ஒப்புரவுக்குத் தளரார் என்று வெளிப்படையாகவே கூறுகிறார். தல்முது கூறுவதும் இதுவே. அங்ஙனமிருக்க, இத்தகைய குறளையும் ‘தனக்கு மிஞ்சித்தான்’ என்னும் பழமொழியையும் ஒரே பள்ளியில், ஒரே வாரத்தில், முரண் என்று உணராமலே கற்பிக்கும் விந்தை தமிழ் வகுப்பில் நிகழ்கிறது.

ஒருவேளை இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்பர் சிலர். சிங்கப்பூர்த் தமிழரின் வரலாறே அவர்களுக்கு விடை கூறும். 1945 செப்டம்பரில் ஜப்பானியர் ஆட்சி முடிந்தது. மக்கள் சேர்த்து வைத்திருந்த வாழைமர நோட்டுகள் வெறும் தாள்களாயின. அரிசி பங்கீட்டில் கிடைத்தது. ‘தனக்கு மிஞ்சித்தான்’ என்று கூறுவதற்கு அதனினும் பொருத்தமான காலம் வாய்த்திராது. அதற்கு அடுத்த ஆண்டில், 1946இல், சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. அதுவே உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி. பிற்காலத்தில் உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்து, பிற தமிழ்ப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மறைந்தபின்னும் நின்று, மாணவர் குறைந்த காரணத்தால் 1982இல் மூடப்பட்டது. இன்று பீட்டி சாலையில் உள்ள உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் அப்பெயரைத் தாங்குகிறது. அந்நிலையத்தில் கருத்தரங்குகளுக்குக் கூடும் ஆசிரியர்கள், தாங்கள் அமர்ந்திருக்கும் கூடத்தின் பெயர் வாழைமர நோட்டுகள் செல்லாமற்போன காலத்தில் பிறந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

1950களில் மற்றொன்று நிகழ்ந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு உரிய இடம் வேண்டிப் போராடிய கோ. சாரங்கபாணி, தமிழ் முரசு வாயிலாகத் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் திரட்டினார். அவர் செல்வரின் வாயிலில் மட்டும் நின்றிருக்கலாம். சிராங்கூன் சாலையில் அப்போது பி. கோவிந்தசாமிப் பிள்ளை போன்ற கொடையாளர் இருந்தனர். பெருமாள் கோயில் திருமண மண்டபம் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது. ஆனால் சாரங்கபாணி கேட்டது ஆளுக்கு ஒரு வெள்ளி. தோட்டத் தொழிலாளியும் கூலியாளும் அந்த ஒரு வெள்ளியைக் கொடுத்தனர். அவர்களுள் எவருக்கு மிஞ்சியிருந்தது?

அந்த ஒரு வெள்ளிதான் இன்று வேறு வடிவில் வந்து நிற்கிறது. 1991இல் அமைக்கப்பட்ட சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்திற்கு, உழைக்கும் இந்தியர் ஒவ்வொருவரின் ஊதியத்திலிருந்தும் மாதந்தோறும் ஒரு சிறு தொகை பிடிக்கப்படுகிறது. 2015இல் வகுக்கப்பட்ட அளவின்படி ஆயிரம் வெள்ளி வரை ஈட்டுபவர் 1 வெள்ளியும், படிப்படியாக உயர்ந்து, 15,000 வெள்ளிக்கு மேல் ஈட்டுபவர் 30 வெள்ளியும் செலுத்துகின்றனர். துப்புரவுப் பணியாளரின் பங்கும் அதில் உண்டு. பண்டை யூத நகரங்களில் இருந்த பொதுப் பேழையை இது ஒருவாறு ஒத்தது. அங்கே இருவர் சேர்ந்து வாரந்தோறும் வீடுவீடாகத் தண்டுவர். மூவர் கூடிப் பங்கிடுவர். ஊரில் குடியேறிச் சில காலம் ஆனவர் எவரும் விலகி நிற்க இயலாது. இங்கோ விலக விரும்புவோர் ஒரு படிவத்தை நிரப்பி விலகலாம்.

வேறிடத்தில் முறையாகக் கொடுத்துவருபவர் விலகுவதில் குற்றம் காண்பதற்கில்லை. சங்கத்தின் பணியில் குறை கண்டு, அதனை வெளிப்படையாகக் கூறி விலகுபவரையும் மதிக்கலாம். ஆனால் காப்பிக்கடைகளில் பேசப்படும் காரணம் பெரும்பாலும் இவ்விரண்டும் அன்று. ‘கேளாமல் பிடிக்கிறார்கள், மனமுவந்து கொடுப்பதே தருமம், பிடித்தால் அது வரி’ என்பதே அங்கு ஒலிக்கும் பேச்சு. கேட்பதற்கு உயர்ந்த தத்துவம் போலத் தோன்றும். பதினைந்தாயிரம் வெள்ளிக்குச் சற்று மேல் பெறுபவர் முப்பது வெள்ளி கொடுத்தால் ஆயிரத்துக்கு ஏறத்தாழ இரண்டு வெள்ளி ஆகிறது. அதற்கு மேல் எவ்வளவு பெற்றாலும் அதே முப்பதுதான். யூதன் பத்தில் ஒன்றை நடுத்தரம் என்கிறான். இங்கே ஆயிரத்தில் இரண்டுக்கும் குறைவான பங்கைத் தடுத்து நிறுத்த ஒரு தத்துவம் தேவைப்படுகிறது! மனமுவந்து கொடுப்போம் என்று கூறி விலகியவர்கள், விலகியபின் அந்த முப்பது வெள்ளியை மாதந்தோறும் மனமுவந்து எங்கே கொடுக்கின்றனர் என்று ஒருமுறை தம் வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொள்ளட்டும்.

உவகை பிறந்தால்தான் கொடை என்பவர், கொடையின் நடுவில் தம்மையே நிறுத்திக்கொள்கின்றனர். பசி எவருடைய உவகைக்கும் காத்திருப்பதில்லை. இதனை வடலூர் இராமலிங்கர் அறிந்திருந்தார். 1867இல் அவர் தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு அன்று மூட்டப்பட்டது முதல் இன்றுவரை அணையாமல் எரிகிறது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய பெரும் பஞ்சம் அதன் இடையிலேதான் வந்தது. அப்போதும் எரிந்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பெண்கள் உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை வேறு பானையில் இட்டுவந்த பிடியரிசி வழக்கமும் அத்தகையதே. யூத இல்லங்களில் ஓய்வுநாள் விளக்கை ஏற்றுமுன் தகரப் பெட்டியில் ஒரு காசு இடும் பெண்ணும், பானையில் ஒரு பிடி அரிசி இடும் பெண்ணும் ஒருவரையொருவர் கண்டதில்லை. இருவரும் மிஞ்சியதை இடவில்லை. உண்பதற்கு முன்னரே எடுத்து வைத்தனர். தமிழருக்கு இப்பழக்கம் அயலாரிடம் கடன் வாங்கவேண்டியதன்று. மறந்துபோனதை அயலார் நினைவூட்டும் நிலை வந்திருக்கிறது, அவ்வளவே.

லிட்டில் இந்தியாவில் இதற்குக் கண்கண்ட சான்று ஒன்று உண்டு. வேலையிடத்தில் காயமுற்றோ, ஊதியம் கிடைக்காமல் முறையிட்டோ, சிறப்பு அனுமதி அட்டையுடன் காத்திருக்கும் வெளிநாட்டு ஊழியர் வேலை செய்ய இயலாது. ஊருக்குச் செல்லவும் இயலாது. அத்தகையோருக்கு இலவச உணவு வழங்கும் பணியை டி.டபிள்யூ.சி.2 என்னும் தொண்டமைப்பு 2008இல் கஃப் சாலையின் பெயரால் தொடங்கியது. அமெரிக்க வங்கிகள் சரிந்து, அதன் அதிர்ச்சி சிங்கப்பூரையும் உலுக்கிய ஆண்டு அது. உண்போருள் தமிழர் பலர், வங்காளதேசத்தவர் பலர். கப்பலில் வந்திறங்கிய தம் பாட்டனாரின் கதையை மேடையில் உருக்கமாகக் கூறும் தமிழர் நிரம்பிய வட்டாரத்தில்தான் இவர்கள் உணவுக்கு வரிசையில் நிற்கின்றனர்.

தீபாவளி ஒளியூட்டு நடைபெறும் வாரங்களில் இத்தகைய ஊழியருக்கு அன்பளிப்புப் பொட்டலங்கள் வந்து குவியும். முறுக்கும் இனிப்பும் உண்ண ஆளின்றி மிஞ்சுவதும் உண்டு. விளக்குகளை அவிழ்த்து எடுத்துச் சென்றபின் வரும் மாதத்தில், பண்டிகை எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில், அதே மனிதருக்கு ஒரு தட்டுச் சோறும் குழம்பும் தேவைப்படுகின்றன.